வரியும் துடைப்பமும்

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், இந்தச் சாலை நெடுக எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நான் குடியிருப்பது நாவலூரில். காலனி அக்கா ஒருவர் “பேச வேணாம், வந்து பக்கத்துல நில்லு, அது போதும்” என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வரவு செலவு வாசித்தார்கள். அக்கா எழுந்து, ஒன்றியப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய நிரந்தரமாக ஆள் போட வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கித் தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டார். பணம் எங்கே இருக்கிறது என்றார்கள். வீட்டு வரியைக் கூட்டினால் வரும் என்று யாரோ சொன்னார்.

உடனே அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர் ஒருவர் எழுந்தார். கோபக்காரர் இல்லை, நிதானமாகத்தான் பேசினார். “நாங்க வீட்டு வரி கட்றோம். ரோடு கேக்கறோம், கழிவுநீர் போக வழி கேக்கறோம். அது நியாயம். எங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட அந்த ஸ்கூல்ல படிக்கல. அவங்களுக்குத் தனியா ஃபீஸ் கட்றோம். படிக்காத ஸ்கூலுக்கு நாங்க ஏன் கட்டணும்?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எம்.ஏ. தமிழ் படித்தவள், மேடை மேடையாகப் பேசுகிறவள், நான் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். “நீ இன்னா சொன்ன?” என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா சொன்னாள்: “அவங்க புள்ள அங்க படிக்கல, செரி. அங்க பெருக்கறது யாரு புள்ள?”

அந்த மனிதரின் கேள்விக்கும் அம்மாவின் கேள்விக்கும் நடுவே நின்று இதை எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர்ப் பலகையில் எழுதியிருந்தாலும், 1981 ஜூன் முதல் அதன் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. எனவே ஓர் ஊரில் வீட்டு வரி குறைந்தால் அங்கே வாத்தியார் குறைந்துபோவதில்லை. இது சின்ன விஷயமில்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்பது வாத்தியார் மட்டுமா? கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சுற்றுச்சுவர், ஒழுகும் கூரை, துடைப்பம், பினாயில், துடைப்பத்தைப் பிடிக்கும் கைக்குக் கூலி. இவற்றில் பெரும்பகுதி உள்ளாட்சியின் தலையில் விழுகிறது. உள்ளாட்சி தன் சொந்த அதிகாரத்தில் திரட்டக்கூடிய பெரிய பணம் வீட்டு வரிதான். அதையும் அது நினைத்தபடி போட முடியாது. இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அரசு விதி இருக்கிறது. அந்த எல்லைக்குள்ளும் கூட்டுவதற்கு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நகரத்துக் கதையும் இதுவே. சென்னையில் 1998இல் சொத்து வரியைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் பொதுத் திருத்தம் கிடையாது. 2018இல் கூட்டினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் மறுபடி கூட்ட முடிந்தது, கட்டடத்தின் அளவுக்கு ஏற்ப. இருபது ஆண்டில் இந்தச் சாலையோரத்து நிலத்தின் விலை எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரி கூடக் கூடாது என்றால் அது ஏழைக்குச் சாதகம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். நம் கட்சிகளும் அப்படித்தான் கொடி பிடிக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி பழைய அளவில் நின்றுபோனதால் காலனியில் ஒற்றை அறை வீட்டுக்காரருக்கு மிச்சமானது சில்லறை. பெரிய கட்டடத்துக்காரருக்கு மிச்சமானது லட்சங்கள். ஏழையை முன்னால் நிறுத்திப் பின்னால் நின்று லாபம் எடுக்கும் ஏற்பாடு இது. சின்ன வீடுகளுக்கு வரியே வேண்டாம் என்று கேட்பது வேறு, எல்லோருக்கும் கூட்டாதே என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறவர்கள் யாரென்று நாம் பார்க்க வேண்டும்.

சரி, அந்தப் பணம் வரவில்லை. அதனால் பள்ளிக்கூடம் பெருக்கப்படாமல் கிடந்ததா? இல்லை. பெருக்கப்பட்டது. இங்கேதான் அம்மாவின் கேள்வி வருகிறது.

நான் படித்த பள்ளி வேறோர் ஊரில் இருந்தது. கூட்டுகிறவர் என்று யாரும் கிடையாது. காலையில் மணி அடிக்கும் முன் வகுப்பைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். முறை வைத்திருந்தார்கள். ஆனால் முறை ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு வரும்போது கரும்பலகை துடைப்பதாக மாறிவிடும், எங்களுக்கு வரும்போது கழிப்பறைப் பக்கம் போய்விடும். யாரும் சாதி பெயரைச் சொன்னதில்லை. “நீ போம்மா, நீ நல்லாச் செய்வ” என்பார்கள். பாராட்டு மாதிரி இருக்கும். மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் பாவாடையெல்லாம் நனைந்து வகுப்பில் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று நினைவில்லை. அவள் தள்ளி உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைது நடந்தது. வழக்குப் போட்டது சரி. சாதி மனம் அங்கே இருந்தது, அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை அந்த வழக்கு கேட்கவில்லை. கழிப்பறை கழுவ நியாயமான கூலிக்கு ஒரு ஆள் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் கையில் துடைப்பம் வந்திருக்குமா? சாதி ஆகாயத்தில் இருந்து வேலை செய்வதில்லை. வரவு செலவுக் கணக்கில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணம் பற்றாத இடத்தை அடைக்க எப்போதும் கூலியில்லாத ஒரு சனத்தைக் கையருகே வைத்திருக்கிறது. மாடிவீட்டார் கட்டாமல் விட்ட வரியை எங்கள் பிள்ளைகள் உடம்பால் கட்டினார்கள். அம்மா கேட்டதற்கு அர்த்தம் இதுதான்.

வரி எல்லைக்கும் பிள்ளைகள் வயிற்றுக்கும் உள்ள உறவு இந்த மண்ணில் நூறாண்டுப் பழையது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்விக்கென்றே ஒரு வரி போடவும் அந்தப் பணத்தைத் தொடக்கக் கல்வி நிதி என்று தனியே வைக்கவும் வழி செய்தது. அதே 1920இல், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 பிள்ளைகள் இருந்தார்கள், 1924-25இல் 1,671 பேர் ஆனார்கள். இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு. சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டுமா? ஆனால் சோற்றுச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. 1925 ஏப்ரலில் உணவு நின்றது. 1927இல் 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கியது. இடையில் நின்றுபோன பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கல்வி வரி என்றால் பலகையும் பெஞ்சும் வாங்க மட்டும்தான், பசி அதில் சேராது என்று முடிவு செய்தவர்கள் யாரும் பசித்துப் படித்தவர்கள் இல்லை.

கட்டுகிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் இன்னொருவர் என்கிற முறையீட்டை இன்றைக்கு அடுக்குமாடிக்காரர் செய்கிறார். வேடிக்கை என்னவென்றால், இதை முதலில் செய்தவர்கள் நாம். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் மகாத்மா பூலே வைத்த வாதம் இதுதான்: உழைக்கும் குடியானவன் உழைப்பில் வரும் வருமானத்தை எடுத்து மேல்சாதிப் பிள்ளைகளின் உயர்கல்விக்குச் செலவிடுகிறீர்களே, இது என்ன நியாயம்? 1927 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர், கள்ளுச் சாராய வரியாக மக்களிடம் பிடுங்கும் அளவுக்காவது மக்களின் கல்விக்குத் திருப்பிச் செலவிடுங்கள் என்று கேட்டார். டாஸ்மாக் வருமானத்தில் நடக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது உறைக்கிறது. ஆக, காலங்காலமாக நம் உழைப்பில் நடந்த பள்ளிக்கூடங்களின் வாசலில் நாம் நின்றோம். நாம் உள்ளே நுழைந்து, அவர்கள் வெளியேறிய பிறகு, “யார் படிக்கிறாரோ அவரே கட்டட்டும்” என்கிற தத்துவம் பிறக்கிறது.

இந்தத் தத்துவத்தை நாவலூர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். ராஜீவ் காந்தி சாலையில் இங்கே சுங்கச்சாவடி இருந்தது. போகிறவர் கட்டு, போகாதவர் கட்டாதே. கடைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் காசா என்று எல்லோரும் எதிர்த்தோம். அடுக்குமாடிக்காரர்கள்தான் நம்மைவிடச் சத்தமாக எதிர்த்தார்கள். சாலை பொதுச்சொத்து, அதற்கு அரசுதான் செலவழிக்க வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சு. 2023 ஆகஸ்ட் கடைசியில் வசூல் நின்றது. காரே இல்லாத என் அம்மாவின் காசும் சேர்ந்துதான் இனி அந்தச் சாலை நடக்கும், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கார் போகும் சாலை பொது என்றால், பிள்ளை போகும் பள்ளிக்கூடம் மட்டும் எப்படித் தனியாள் விவகாரம் ஆனது?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது. நம் தோழர்கள் சிலரே அதில் விழுகிறார்கள். ‘எங்கள் ஊர் வரி எங்கள் ஊர்ப் பள்ளிக்கே’ என்று கேட்போம் என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. இது முழுசாக நடந்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியில் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். அதில் எட்ஜ்வுட் வட்டாரத்தில் மெக்சிகோ வம்சாவளி ஏழைகள், அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தில் வெள்ளைப் பணக்காரர்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி போட்டுக்கொண்டார்கள், தலைக்கு 26 டாலர் கிடைத்தது. அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட்தான் போட்டார்கள், தலைக்கு 333 டாலர் கிடைத்தது. அதிகமாக வரி கட்டியவர்களுக்குக் குறைவான பள்ளிக்கூடம்! டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்கிற எட்ஜ்வுட் தகப்பனார் வழக்குப் போட்டார். 1973இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தள்ளிவிட்டது. கல்வி அந்நாட்டு அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை இல்லையாம்.

அதே நாட்டின் கலிபோர்னியாவில் 1978 ஜூனில் வேறொன்று நடந்தது. மக்கள் வாக்கெடுப்பில் 13ஆம் எண் முன்மொழிவு வென்றது. சொத்து வரி ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சொத்து கைமாறாத வரை அதன் மதிப்பை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. வீட்டை இழந்துவிடுவோம் என்று பயந்த வயதானவர்களைக் காட்டித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதே எல்லை பெரிய நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் பொருந்தியது. சொத்து வரி வருமானம் உடனே பாதிக்கும் மேல் சரிந்தது. பள்ளிகளின் பெரும் பாரம் மாநில அரசின் கைக்குப் போனது, மாநிலத்துக்கு வருமானம் குறைந்த ஆண்டெல்லாம் பள்ளிக்கும் பஞ்சம் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கு மட்டுமாவது எல்லையை நீக்குவோம் என்று 2020இல் கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் தோற்றது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவரவர் வரி அவரவர் பள்ளிக்கு என்றால் ஊருக்கு ஒரு பள்ளி, சேரிக்கு ஒரு பள்ளி என்பது சட்டமாகவே ஆகிவிடும். நாவலூர் எல்லையைத் தாண்டினால் செம்மஞ்சேரி. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதி. நகரத்தின் ஆற்றோரங்களில் இருந்தும் கடற்கரையில் இருந்தும் பெயர்த்துக்கொண்டு வந்து போட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான அடுக்கு வீடுகள் அங்கே இருக்கின்றன. அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பெயர்த்த அன்றே பள்ளி நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர். அந்த வீடுகள் கட்டும் வரியில்தான் அந்தப் பிள்ளைகளின் பள்ளி நடக்க வேண்டும் என்றால் என்ன மிஞ்சும்? கிராமம் என்பதை நம்பி ஏமாறாதீர்கள் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1948இல் எச்சரித்தது இதற்கும் சேர்த்துத்தான். ‘உள்ளூர்’ என்று நாலு பேர் சொல்லும்போது அதற்குள் சேரி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்.

சரி, எல்லாவற்றையும் மேலே இருப்பவர் கையில் கொடுத்துவிடலாமா? 2024-25இல் என்ன நடந்தது? தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு உச்சநீதிமன்றம் போனது. பணம் தூரத்தில் இருந்தால் கொடுக்கிறவன் கையை முறுக்குவான்.

இன்னொரு வழியும் சொல்கிறார்கள்: நிறுவனங்களிடம் நன்கொடை கேட்பது. 2022 டிசம்பரில் அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. சுவருக்கு வண்ணம் வருகிறது, பெஞ்சு வருகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உட்கார இடம் இல்லாத பிள்ளைக்குப் பெஞ்சு பெஞ்சுதான். ஆனால் வரியாக வரும் பணத்தைக் கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். தானமாக வருவதைக் கும்பிட்டு வாங்க வேண்டும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி போட்டோ எடுக்க விட வேண்டும். கும்பிட்டு வாங்கியே பழகிய சனம் நாம். மறுபடியும் அந்தப் பழக்கத்துக்கா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?

இனி அந்த மனிதரின் ‘எங்க வரி’ என்கிற சொல்லுக்கு வருகிறேன். அவர் நிலத்தின் விலையை அவரா ஏற்றினார்? பொதுப்பணத்தில் சாலை வந்தது, சிறுசேரியில் சிப்காட் வந்தது, விலை ஏறியது. அதற்கு முன் இது ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல்வயல். நாற்று நட்டவர்கள் யாரென்று கேட்டால் அம்மா பெயர் பெயராகச் சொல்வாள். அதற்கும் முன்னே போனால், 1891இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் இருக்கின்றன. அந்த நிலம் எங்கே என்று கேட்டதற்குத்தானே 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்? இந்த மண்ணின் மதிப்புக்குள் நம் உழைப்பும் இழப்பும் ரத்தமும் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவதைத் தயவு என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்? அது பாக்கி வசூல்.

இவ்வளவும் தெரிந்தவள் அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை? சொல்லித்தான் ஆக வேண்டும். என் மகளும் ஒன்றியப் பள்ளியில் படிக்கவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறேன். அவள் கையில் யாரும் துடைப்பம் கொடுத்துவிடக் கூடாது என்கிற பயம்தான் காரணம். அந்த மனிதர் “எங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட” என்றபோது அந்தக் கணக்கில் நானும் இருந்தேன். அவர் வாதம் சரி என்றால் எனக்கும் விடுதலை. படித்து மேலே வந்த தலித்துகள் எத்தனை பேர் அந்த விடுதலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அந்த விடுதலையை எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நல விடுதி, உதவித்தொகை, இவற்றில் வளர்ந்தவள் நான். எனக்குச் சோறு போட்ட வரியைக் கட்டியவர்கள் என் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. அவர்கள் பிள்ளைகள் என் விடுதியில் படிக்கவும் இல்லை. என் பிள்ளை எங்கே படிக்கிறாள் என்பது என் பயத்தின் கணக்கு. நான் யாருக்குப் பாக்கி என்பது வேறு கணக்கு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை அடிக்க முடியாது. அந்த மனிதருக்கும் இதுவேதான் பதில்.

அடுத்த கிராம சபையில் அக்காவோடு போகிறேன். இந்த முறை பேசுவதற்கு. கேட்கப்போவது மூன்று. காலனி வீடுகளுக்கும் சின்ன வீடுகளுக்கும் வரி விலக்கு, வணிகக் கட்டடங்களுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் மதிப்புக்கேற்ற வரி. அதில் பள்ளிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, அதை மாவட்ட அளவில் ஒன்றாகச் சேர்த்து, எங்கே தேவை அதிகமோ அங்கே முதலில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் நாவலூரின் கட்டடம் செம்மஞ்சேரியின் பிள்ளைக்கும் பதில் சொல்லும். மூன்றாவது, ஒவ்வொரு பள்ளிக்கும் முழுக் கூலியில் தூய்மைப் பணியாளர், அந்தக் கூலி கொடுத்த கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் கோட்டைவரை போக வேண்டியிருக்கும் என்று தெரியும், போவோம். மூன்றாவதுக்கு அன்றைக்கே தீர்மானம் எழுதச் சொல்வேன்.

அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். “நா வந்து இன்னாத்த பேசப்போறேன்?” என்றாள். அன்றைக்கு வீட்டில் கேட்டதை அங்கே ஒருமுறை கேட்டால் போதும் என்றேன்.